ஒற்றைக் கொம்பு

என் அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததற்கு நான் காரணம் இல்லை. அந்தப் பழியை யாரும் என்மேல் போட முடியாது. ஆனால் அது எட்டு மாதம் அவள் உடம்புக்குள் கேட்பாரில்லாமல் இருந்ததற்கு நான்தான் காரணம். ஒரே ஒரு சொல்லால் அதைச் செய்தேன். அந்தச் சொல்லை நானே யோசித்துப் பிடித்தேன், நானே அச்சுக்குக் கொடுத்தேன், நானே அவள் கையில் வைத்தேன். வைத்த அன்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நான் ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவள். இப்போது அத்திபெலே போகும் சாலையில், செக்யூரிட்டி சல்யூட் அடிக்கும் அபார்ட்மெண்ட் ஒன்றில் தனியாக இருக்கிறேன். மென்பொருள் கம்பெனியில் வேலை. நான் ஏதோ கம்ப்யூட்டரில் பெரிதாகச் செய்கிறேன் என்று எங்கள் தெருவில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; நானும் திருத்தியதில்லை. கம்பெனி தன் லாபத்தில் கொஞ்சத்தை ஏழைகளுக்குச் செலவழித்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைச் செலவழிக்க ஒரு சின்னத் துறை இருக்கிறது. அதில் நான் இருக்கிறேன். தமிழும் கன்னடமும் சரளமாகத் தெரிந்த ஆள் அங்கே நான் ஒருத்திதான். ஏழைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணி கார்ப்பரேஷனில் தெரு பெருக்குகிறாள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவள். அன்றிலிருந்து என்னைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறாள். நாற்பதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிடுவதில் பாசம் எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று அவளுக்குத்தான் வெளிச்சம். வாய் நீளம். என் சமையல், என் நடை, என் கல்யாணம் நிலைக்காமல் போனது, எதையும் விடமாட்டாள். நானும் சும்மா இருந்தவள் இல்லை. ஒருநாள் காலை அவள் பெருக்கிக்கொண்டிருந்த தெரு வழியாக எங்கள் ஆபீஸ் கார் போனது. பக்கத்தில் என் மேலாளர் உட்கார்ந்திருந்தார். நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள். அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது, “காரு நல்லா இருந்துச்சு பாப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு டீ கொடுத்தாள்.

ஸ்ரீராம்புரத்தில் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை முகாம் நடத்துவது என்று கம்பெனி முடிவு செய்தபோது, எந்தக் கருவியைக் கொண்டுபோவது என்று பேச ஒரு கூட்டம் போட்டார்கள். ஏசி அறை, பிஸ்கட், பெரிய திரை. நல்லது கெட்டதை எல்லாம் சீர்தூக்கி ஒரு பட்டியல் போட்டுக் காட்ட வேண்டியது என் பொறுப்பு.

உடம்புச் சூட்டைப் படம் பிடிக்கும் கேமரா ஒன்று இருந்தது. தொடவேண்டாம், அழுத்தவேண்டாம், திரைக்குப் பின்னால் பெண் தனியாக நின்றால் போதும். மேலாளருக்கு அதன்மேல் ஒரு கண். ஆனால் அதை மட்டும் நம்பி யாருக்கும் நோய் இல்லை என்று சொல்லக்கூடாது என்று டாக்டரம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அவர் எங்கள் கம்பெனிக்கு ஆலோசனை சொல்ல வந்துகொண்டிருந்த மூத்த பெண் டாக்டர். நர்ஸ் கையால் தடவிப் பார்ப்பது இன்னொரு வழி. செலவு குறைவு, ஆனால் கைக்குத் தட்டுப்படும் அளவு வளர்ந்ததைத்தான் கை கண்டுபிடிக்கும். மிச்சம் இருந்தது மேமோகிராம். மார்பைத் தட்டையாக அழுத்தி எக்ஸ்ரே எடுக்கும் கருவி, பஸ்ஸுக்குள்ளேயே வைத்துக் கொண்டுவருவார்கள். வலிக்கும், பெண்கள் வெட்கப்படுவார்கள், ஆனாலும் சின்னதையும் பிடிக்கும். அதுதான் என்று முடிவானது.

அப்போது டாக்டரம்மா இன்னொன்று சொன்னார். சில பெண்களுக்கு மார்பின் திசு அடர்த்தியாக இருக்கும். எக்ஸ்ரேயில் அடர்த்தியான திசுவும் வெள்ளை, புற்றும் வெள்ளை. அரிசியில் வெள்ளைக் கல் பொறுக்குகிற கதைதான். அப்படிப்பட்டவர்களுக்கு மேமோகிராமோடு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுக்க வேண்டும், அதற்கு ஒரு ஸ்கேன் டாக்டரும் ஒரு தனி அறையும் வேண்டும் என்றார்.

நான் குறுக்கே விழுந்தேன். இன்றைக்கும் அந்தக் கூட்டத்தில் என் குரல் எப்படி நடுங்கியது என்று எனக்கே கேட்கிறது. வருத்தத்தில் நடுங்கியதா நடிப்பில் நடுங்கியதா என்று சொல்லத் தெரியவில்லை. அதற்கு முந்தைய வருடம் நீலசந்திராவில் நாங்கள் நடத்திய முகாமில் ஒரு பெண்ணை ஸ்கேனில் சந்தேகம் என்று திரும்பக் கூப்பிட்டோம். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, வெறும் நீர்க்கட்டி. ஆனால் முடிவு வருவதற்குள் அவள் மாமியார் வீட்டில் அவள் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிட்டார்கள். புருஷன் அவளை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிட்டான். ஒன்றும் இல்லை என்று காகிதம் வந்த பிறகும் கூட்டிப்போகவில்லை. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “ஸ்கேன் எடுத்தால் இல்லாத நோயையும் கண்டுபிடிக்கும். எங்கள் பெண்களுக்கு அதன் விலை என்னவென்று உங்களுக்குத் தெரியாது” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ‘எங்கள் பெண்கள்’ என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் பொண்ணு கஷ்டப்பட்டா, சரி. ஆனா உயிரோட கஷ்டப்பட்டா” என்று தமிழில் சொன்னார். அவர் மதுரைப் பக்கம் படித்தவர். என் நாடகம் அவரிடம் பலிக்கவில்லை, மேலாளரிடம் பலித்தது. முகாமில் ஸ்கேன் வேண்டாம், அடர்த்தி என்று வருகிறவர்களை வெளியே ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று முடித்தார்கள். அதைப் பெண்களுக்குப் புரிகிற மாதிரி, பயமுறுத்தாமல் எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது.

ஒவ்வொருத்திக்கும் ஆங்கிலத்தில் ஒரு ரிப்போர்ட், அதோடு பின் அடித்த ஒரு சின்ன அட்டையில் தமிழிலும் கன்னடத்திலும் சாரம். இதுதான் ஏற்பாடு. உள்ளங்கை அகல அட்டை. அடர்த்தி என்று எழுதிப் பார்த்தேன். பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. எங்கள் தெருவில் யாரும் வாழ்நாளில் சொல்லாத சொல். அப்புறம்தான் ‘கெட்டி’ தோன்றியது.

எங்கள் தெருவில் கெட்டி என்ற சொல் மூன்று வேலை செய்யும். சட்னி கெட்டியாக இருக்கும். நோய்நொடி இல்லாத உடம்பு கெட்டியான உடம்பு. சத்தமாகச் சொல்லு என்பதற்குக் கன்னடத்தில் இதே சாயலில் ஒரு சொல் உண்டு. பக்கத்து வீட்டுக் கன்னடத்தைக் கேட்டுக் கேட்டு நாங்களும் ‘கெட்டியா பேசு’ என்போம். எல்லாமே நல்ல வேலை. இந்தச் சொல்லைக் கேட்டு எவளும் பயப்பட மாட்டாள் என்று எழுதினேன்: ‘உங்கள் மார்பு கெட்டியாக உள்ளது. பயப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் டாக்டரைப் பார்க்கவும்.’ ஸ்கேன் என்ற சொல் கன்னட வரிக்கு இடம் போதாமல் விழுந்தது. இடம் போதவில்லை என்பது நிஜம்தான். எழுத்தைச் சிறியதாக்கியிருந்தால் இடம் இருந்திருக்கும் என்பதும் நிஜம்.

அச்சகத்திலிருந்து முதல் படி வந்தபோது கெட்டி என்பதில் முன்னால் இருக்கவேண்டிய ஒற்றைக் கொம்பு விட்டுப்போயிருந்தது. ‘உங்கள் மார்பு கட்டியாக உள்ளது’ என்று இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அச்சகத்துக்குப் போன் போட்டு அந்த ஆளைக் காய்ச்சி எடுத்தேன். “ஒரு கொம்புல எத்தன பொம்பளைங்க ஆடிப்போயிடுவாங்க தெரியுமா?” என்று கேட்டேன். கொம்போடு திருத்திய அட்டை வந்ததும் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துச் சரிபார்த்தேன்.

முகாம் அன்று பஸ் எங்கள் சந்துக்குள் நுழையாமல் மெயின் ரோட்டில் நின்றது. பெண்கள் கூடினார்கள், வேடிக்கை பார்த்தார்கள், யாரும் ஏறவில்லை. எனக்கு மானம் போயிற்று. மேலாளர் போட்டோ எடுப்பவரோடு நின்றுகொண்டிருந்தார். வேலை முடிந்து சீருடைக் கோட்டோடு வந்துகொண்டிருந்த அண்ணியைப் பிடித்து, “அண்ணி, நீ மொதல்ல ஏறு. நீ ஏறினா எல்லாரும் வருவாங்க” என்றேன்.

“எனக்கென்னாத்துக்கு பாப்பா, நான் நல்லாத்தானே இருக்கேன்.”

“எனக்காக.”

என்னைப் பார்த்தாள். ஆபீஸ் காரில் போனபோது திரும்பிக்கொண்டவள் இப்போது எல்லார் முன்னாலும் அண்ணி என்று கூப்பிடுகிறாள் என்பது அவளுக்கு உறைத்திருக்கும். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். இறங்கும்போது, “சப்பாத்திக்கு மாவு தேய்க்கிற மாதிரி தேய்ச்சுட்டாங்கடி” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வரிசை நின்றது. முகாமே அவளால்தான் நடந்தது.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது: திசு அடர்த்தியானது, சிறியவை மறைந்திருக்கலாம், அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கவும். நான் அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று பொய் சொல்ல ஆசையாக இருக்கிறது. அடர்த்தி என்று வந்தவர்கள் நிறையப் பேர், எல்லாருக்குமா நோய் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். அன்று எனக்கு வேறு வேலை இருந்தது. அட்டையைக் காட்டி, “ஒண்ணுமில்ல அண்ணி. கெட்டியா இருக்குதாம்” என்றேன்.

“மெஷினே சொல்லிடுச்சா?” என்று முகமெல்லாம் மலர்ந்தாள். அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தாள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். தெருவில் அவளைக் ‘கெட்டிக்காரி’ என்று கிண்டல் செய்தார்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாதவளைப் பார்த்து, “நகரு, மெஷின் சர்டிபிகேட் குடுத்த உடம்பு இது” என்று வாங்கித் தூக்குவாளாம். இதையெல்லாம் அண்ணன் போனில் சொல்ல, நான் ஆபீஸில் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

எட்டு மாதம் கழித்துப் பொங்கலுக்குப் போயிருந்தேன். குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரும்போது இடது கையைத் தூக்கச் சிரமப்பட்டாள். என்னவென்று கேட்டேன்.

“அதான், கெட்டியா இருக்குல்ல. கொஞ்சம் இழுக்குது.”

“என்ன கெட்டி?”

“நீதானே சொன்ன. இங்கதான்.” என் கையைப் பிடித்து ஜாக்கெட்டுக்கு மேலேயே வைத்தாள். விரலுக்கு அடியில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கல்லாக ஒன்று இருந்தது. “குளிக்கிறப்போ மொதல்ல சின்னதா தெரிஞ்சுது. ஓ, இதத்தான் மெஷின் பாத்துச்சு போலன்னு விட்டுட்டேன். பயப்பட வேணாம்னு எழுதியிருக்கே.”

எத்தனை மாதமாக என்று கேட்டேன். தீபாவளிக்கு முன்பிருந்தே என்றாள். நான் கையை எடுக்கவில்லை, எடுத்தால் என் முகத்தைப் பார்ப்பாள் என்று பயந்தேன். கட்டி என்று கொம்பில்லாமல் அச்சடித்து வந்த அந்த முதல் படியை நான் குப்பையில் போட்டது நினைவுக்கு வந்தது. அந்த அச்சக ஆள் தவறிப் போட்டதைப் பார்த்திருந்தால் இவள் அன்றைக்கே ஓடியிருப்பாள்.

அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நோய் அக்குளுக்கும் பரவியிருந்தது. இடது மார்பை எடுக்க வேண்டும், பிறகு மருந்து, பிறகு கதிர் சிகிச்சை என்றார்கள். சர்ஜனைத் தனியாகப் பிடித்து, முகாமின்போதே ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். “தெரிந்திருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம். இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கைக்குத் தெரிந்த அன்றைக்கே வந்திருக்கலாம்” என்றார். முதல் இரண்டு வாக்கியத்தை நான் பல மாதம் பிடித்துக்கொண்டு தொங்கினேன். மூன்றாவதை மறக்கப் பார்த்தேன்.

அதன்பின் ஒவ்வொரு தடவையும் நான்தான் காரில் கூட்டிப்போனேன். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அண்ணிக்குச் சொன்னேன். முடி கொட்டும் என்றதை, கை வீங்கலாம் என்றதை, திரும்ப வரலாம் என்றதை, எல்லாவற்றையும். அதிலேயே என் பாவம் கழுவப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அண்ணி என்னைப் பார்த்து, “இப்பல்லாம் ரொம்ப முழுசா சொல்ற பாப்பா” என்றாள். கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். அந்த அட்டையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு வாந்தி எடுத்தாள், இன்றைக்கு வேண்டாம். இன்றைக்குச் சிரித்தாள், இன்றைக்கும் வேண்டாம். சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு நாள் கிடைத்துக்கொண்டே இருந்தது.

நடுவில் ஆபீஸில் முகாமின் ஆண்டறிக்கை போட்டார்கள். பிரச்சினை இல்லாதவர்கள் என்ற பத்தியில் அண்ணியும் ஒரு எண்ணாக இருந்தாள். முகாமுக்குப் பிறகு வெளியே கண்டுபிடித்தது எங்கள் கணக்கில் வராது. மேலாளர் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சிரிக்கும் போட்டோவை அட்டைப்படத்துக்குத் தேர்ந்தெடுத்தார். படத்தில் இருப்பவரை எனக்குத் தெரியும் என்றேன். “அப்படியா, ரொம்ப நல்லது. அவரிடம் ஒரு அனுமதிக் கையெழுத்து வாங்கிக்கொடுங்கள்” என்றார். அந்தத் தாளை ஒரு வாரம் பைக்குள் வைத்துக்கொண்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். பிறகு கையெழுத்து கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மாவுக்கு மட்டும் நடந்ததை எழுதினேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை.

கதிர் சிகிச்சையின் கடைசி நாள். காத்திருக்கும் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். டோக்கன் எண்ணைக் கன்னடத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அண்ணியின் தலையில் புது முடி பஞ்சு மாதிரி முளைத்திருந்தது. இன்றைக்கு விட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

“அண்ணி, அந்த அட்டைய எழுதினது நான்தான்” என்றேன்.

“என்னா? கேக்கல. கெட்டியா சொல்லு.”

“அட்டைய எழுதினது நான். இங்கிலீஷ் பேப்பர்ல ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்துச்சு. எனக்குத் தெரியும். நான் உன்கிட்ட சொல்லல” என்று சத்தமாகச் சொன்னேன். எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“தெரியும்” என்றாள்.

“எப்ப இருந்து?”

“ஆபரேஷனுக்கு முன்னாலயே. பைலு அடுக்குறப்போ எம்பொண்ணு அந்த இங்கிலீஷ் பேப்பர படிச்சா. ஸ்கேன் எடுக்கணும்னு எழுதியிருக்கும்மா, அத்தை குடுத்த அட்டையில அது இல்லன்னு சொன்னா.” அவள் மகள் காலேஜில் பி.யூ.சி. படிக்கிறாள். என்னை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டு மாதக்கணக்காக எனக்கும் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் அண்ணி என்னை ஒண்ணும் கேக்கல?”

“கேட்டா நீ அழுவ. அழுதுட்டு வராம நின்னுடுவ. உங்கண்ணனுக்கு லீவு கெடையாது. எனக்குக் காரு வேணும், டாக்டருகிட்ட இங்கிலீஷ் பேச ஆளு வேணும். ஒரு நாளு உக்காந்து யோசிச்சேன். உன்ன நாலு வார்த்த கேக்கறதால எனக்கு என்னா கெடைக்கும், கேக்காம இருந்தா என்னா கெடைக்கும்னு. கேக்காம இருக்கறதுதான் லாபமா தெரிஞ்சுது.”

அவள் குரலில் கோபமே இல்லை. கூட்டத்தில் நான் பட்டியல் போட்டுக் காட்டியபோது என் குரலிலும் அப்படித்தான் ஒன்றும் இருந்திருக்காது. அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனாள். நான் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என் மடியிலிருந்த பைலை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். ஆபரேஷன் நாளிலிருந்து அந்த பைல் என்னிடம்தான் இருந்தது.

“முடிஞ்சுது. இனிமே நீ வரவேணாம் பாப்பா.”

“மூணு மாசத்துக்கு ஒருக்கா செக்கப் இருக்கு அண்ணி. டாக்டர் சொல்றது…”

“எம்பொண்ணு வருவா. அவ பேப்பர கடைசி வரைக்கும் படிப்பா.”

வாசலில் கைதட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தி, ஸ்ரீராம்புரத்துக்குக் கன்னடத்தில் பேரம் பேசி, வீக்கம் இருந்த கையை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டு ஏறினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆட்டோ கிளம்பும்போது அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.